தைராய்டு மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியது

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு, நாங்கள் தங்கச்சிமடம் பக்கத்துக் கடற்கரை ஊர். என் அக்காவுக்கு 38 வயது. மூன்றாவது பிள்ளை உண்டாகும்வரை பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிரசவத்தில் நஞ்சு முழுசாக விழாமல் ரத்தம் ஏராளமாகப் போய்விட்டது. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். பிள்ளைக்குப் பால் சுரக்கவே இல்லை. அதற்கப்புறம் மாதவிலக்கும் வரவில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததால் அப்படித்தான் இருக்கும் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள்.

இப்போது எந்நேரமும் அசதி. பங்குனி வெயிலிலும் போர்வை கேட்கிறாள். முகம் வெளிறிவிட்டது, புருவம் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது. இரண்டு தடவை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உப்புச்சத்து 118-க்கு இறங்கிவிட்டது என்று டிரிப்ஸ் ஏற்றி, கருவாடு சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். டிஎஸ்எச் 2.1 இருந்ததால் தைராய்டு இல்லை என்றார் ஒரு டாக்டர். இன்னொருவர் ஃப்ரீ டி4 பார்த்து, 0.4 தான் இருக்கிறது, இது தைராய்டுதான் என்று மாத்திரை கொடுத்தார். சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரத்தில் வாந்தி, தலைசுற்றல் என்று படுத்தே விட்டாள். பயந்து நிறுத்திவிட்டோம். மாத்திரையை மறுபடி தொடங்கலாமா? இது மனசு சம்பந்தப்பட்டது, ஏர்வாடிக்குக் கூட்டிப்போய்க் கொஞ்ச நாள் தங்க வைக்கலாம் என்கிறார் அக்காவின் மாமியார். அவள் பழையபடி கடலுக்குப் போக முடியுமா? அக்கா மகளுக்கும் இது வருமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தைராய்டு மாத்திரையை இப்போதைக்குத் தொடங்க வேண்டாம். தூக்கியும் போட்டுவிடாதீர்கள், பின்னால் அது தேவைப்படும். அதற்கு முன்னால் அக்காவின் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இந்த வாரமே பாருங்கள். நடுவில் மறுபடி வாந்தியோ, மயக்கமோ, சம்பந்தமில்லாத பேச்சோ வந்தால் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் போனதும், “பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனவள், பால் சுரக்கவில்லை, அதிலிருந்து மாதவிலக்கு இல்லை, பிட்யூட்டரியில் கோளாறு இருக்கலாம் என்கிறார்கள்” என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்கும் டாக்டருக்கு கார்டிசாலுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு உடனே ஹைட்ரோகார்டிசோன் ஊசி, அதாவது மருந்தாகக் கொடுக்கும் கார்டிசால், போடத் தோன்றும். அந்த ஊசி உயிர் காக்கும்.

நேரில் பார்க்காமல் நோயின் பெயரை அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்தை எந்தப் பக்கம் திருப்பிப் படித்தாலும் அது அந்தப் பிரசவ நாளில்தான் போய் நிற்கிறது. எனக்கு வலுவாகத் தோன்றுவது ஷீஹன் நோய். பிரசவத்தில் இறந்த தாய்மார்களின் உடல்களை ஆராய்ந்த ஹெரால்டு ஷீஹன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1937-ல் இதை விவரமாக எழுதியதால் அந்தப் பெயர்.

மூளைக்கு அடியில், மூக்கின் மேல்புறத்துக்குப் பின்னால், ஒரு சின்ன எலும்புப் பள்ளத்தில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. எடை அரை கிராம்தான். அதன் முன்பகுதி பால் சுரக்கப் புரோலாக்டினையும், வளர்ச்சி ஹார்மோனையும், சினைப்பைக்கு உத்தரவிடும் எஃப்எஸ்எச், எல்எச் இரண்டையும், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச்சையும், கார்டிசாலைத் தரும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச்சையும் சுரக்கிறது. கர்ப்ப காலத்தில் பால் சுரப்பதற்கான செல்கள் பெருகுவதால் இந்த முன்பகுதி நன்றாக வீங்கிப் பெரிதாகும். ரத்தத் தேவையும் கூடும். ஆனால் அதற்குப் போகும் ரத்தமோ அழுத்தம் குறைந்த நுண்குழாய்கள் வழியாகத்தான் போகிறது. அந்த நேரம் பார்த்துப் பிரசவத்தில் ரத்தம் கொட்டி, ரத்த அழுத்தம் விழுந்தால், வீங்கிய சுரப்பிக்கு ரத்தம் எட்டாமல் அதன் செல்கள் செத்துப்போகின்றன. அம்மா பிழைத்துக்கொள்கிறாள். சுரப்பி பிழைப்பதில்லை. அந்தக் களேபரத்தில் இதை யாரும் கவனிப்பதும் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

முதலில் தெரிவது பால் சுரக்காததுதான். நம் பக்கம் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லுவார்கள்: ரத்தம் போன உடம்பு, பூண்டு சரியாகச் சாப்பிடவில்லை, பால்சுறா குழம்பு வைத்துத் தரவில்லை, கண்ணு பட்டுவிட்டது. ரத்தம் நிறையப் போன ஒரு தாய்க்கு மார்பு கனக்கவே இல்லை, ஒரு சொட்டுப் பால்கூட இல்லை என்றால் அங்கேயே புரோலாக்டின் பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

அடுத்தது மாதவிலக்கு. இதை அழுத்திச் சொல்கிறேன், உங்கள் ஊரில் மற்ற பெண்களுக்கும் சொல்லுங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் மாதவிலக்கை நிறுத்தாது. அதில் கருக்குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். சினைப்பையும் கருப்பையும் அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு 29 வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்கு அடியோடு நின்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. இந்தத் தவறான சமாதானத்தால் வருஷக்கணக்கில் கோட்டை விட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் தொந்தரவு இல்லை, நல்லதாகப் போயிற்று என்று அவர்களும் இருந்துவிடுகிறார்கள். உள்ளே ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு மெலிந்துகொண்டே வரும்.

புருவத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அக்குளிலும் அடிவயிற்றுக்குக் கீழேயும் முடி உதிர்ந்துவிட்டதா என்று அக்காவைத் தனியாகக் கேளுங்கள். உங்களிடம் சொல்லுவாள், ஆண் டாக்டரிடம் சொல்ல மாட்டாள். ஆமாம் என்றால் அதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முகம் வெளிறியது சோகையால் மட்டும் இல்லை. ஏசிடிஎச் குறைந்தாலும் தோலின் நிறம் மங்கும். அட்ரினல் சுரப்பியே நேரடியாகக் கெட்டால் உடம்பும் வாயின் உட்புறமும் கறுக்கும். இங்கே அதற்கு நேர்மாறு. நாள் முழுக்க வெயிலில் கிடந்த பெண்ணின் கை இப்படி வெளுத்துப்போனால் அதற்கே ஒரு டாக்டர் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இப்போது அந்த உப்புக் கதை. சோடியம் 118 என்பது ஆபத்தான அளவு. சாதாரணமாக 135-க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் அக்கா உடம்பில் உப்பு தீர்ந்துபோகவில்லை. கார்டிசால் குறைந்தால் உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு ஹார்மோன் குறைவும் அதோடு சேர்ந்துகொள்ளும். தண்ணீர் கூடுவதால் இருக்கிற உப்பு நீர்த்துப்போய் அளவு குறைவாகக் காட்டுகிறது. அதனால்தான் எவ்வளவு கருவாடு சாப்பிட்டும் மறுபடி இறங்கியது. பொட்டாசியம் சரியாக இருந்ததா என்று பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள், பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். உப்பைக் காக்கும் இன்னொரு அட்ரினல் ஹார்மோன் பிட்யூட்டரியை நம்பியிருப்பதில்லை, அது தன்பாட்டுக்கு வேலை செய்யும். இன்னொன்று: கார்டிசால் கொடுத்ததும் தேங்கிய தண்ணீர் மளமளவென்று சிறுநீராகப் போய், சோடியம் வேகமாக ஏறிவிடும். அப்படி ஏறுவது மூளைக்குக் கெடுதல். ஆகவே சோடியம் இவ்வளவு இறங்கியிருக்கும்போது மருந்தை வீட்டில் தொடங்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

தைராய்டு விஷயத்தில் இரண்டு டாக்டர்களும் ஆளுக்குப் பாதியைப் பார்த்திருக்கிறார்கள். தைராய்டு சுரப்பியே கெட்டால் டிஎஸ்எச் தாறுமாறாக ஏறும். எல்லா லேபிலும் முதலில் அதைப் பார்ப்பது அதனால்தான். உத்தரவு போடும் பிட்யூட்டரியே கெட்டிருந்தால் டிஎஸ்எச் ஏறாது. குறைவாகவோ, பார்க்க ஒழுங்காகவோ, சில சமயம் துளி கூடுதலாகவோகூட இருக்கும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 0.4 என்று தரைமட்டத்தில் கிடக்க, டிஎஸ்எச் 2.1 என்று இருப்பது ஒழுங்கே இல்லை. அவ்வளவு குறைந்த டி4-க்கு அது பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்பதே துப்பு. இரண்டாவது டாக்டர் டி4 பார்த்தது நல்ல காரியம். ஆனால் கார்டிசால் பார்க்காமல் மாத்திரை தொடங்கியதால்தான் அக்கா படுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் உடம்பின் வேகத்தைக் கூட்டும், இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் சீக்கிரம் கரைத்துவிடும். டீசல் இல்லாத வள்ளத்தில் எஞ்சினை முடுக்குவது மாதிரிதான். முதலில் கார்டிசால், சில நாள் கழித்துத் தைராக்ஸின். இந்த வரிசை மாறவே கூடாது. எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு வருவோம். கார்டிசாலை காலை எட்டு மணி வாக்கில் பார்க்க வேண்டும், அப்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். மத்தியானம் எடுத்த ரத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அக்கா இருக்கும் நிலையில் விடிகாலை பஸ்ஸில் அலைக்கழிக்காமல், முந்தின நாளே ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். எட்டு மணிக் கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் குறைபாடு கிட்டத்தட்ட உறுதி. 15-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் பயமில்லை. இடையில் வந்தால் ஒரு ஊசி போட்டு அரை மணியிலும் ஒரு மணியிலும் மறுபடி பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அதே ரத்தத்தில் ஃப்ரீ டி4, புரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச், சோடியம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிடலாம். பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ எடுத்தால், இத்தனை வருஷம் ஆனதால் சுரப்பி சுருங்கி அந்த எலும்புப் பள்ளம் வெறுமையாகத் தெரியக்கூடும். ஆனால் எம்ஆர்ஐக்குத் தேதி கிடைக்கவில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். மூட்டுவலிக்கோ இழுப்புக்கோ யாராவது கொடுத்த ஊசி, பொடி, லேகியம் ஏதாவது அக்கா சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதுவே கார்டிசாலை இறக்கிக் காட்டும்.

எங்கே போவது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். ஹார்மோன் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். அதில் எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்று எழுதியிருக்கும்.

ரிப்போர்ட் நான் நினைப்பது போலவே வந்தால் சிகிச்சை எளிது. ஆனால் வாழ்நாள் முழுக்க. ஹைட்ரோகார்டிசோன் ஒரு நாளைக்கு மொத்தம் 15 முதல் 20 மில்லிகிராம், எழுந்ததும் பெரிய பங்கு, மத்தியானம் சின்னப் பங்கு. அது கிடைக்காத இடத்தில் சின்ன அளவு ப்ரெட்னிசோலோன் கொடுப்பதும் உண்டு. அப்புறம் தைராக்ஸின், வெறும் வயிற்றில். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அதற்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். தைராக்ஸின் அளவை இனிமேல் ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிஎஸ்எச் குறைந்துவிட்டது என்று சொல்லி யாராவது மாத்திரையைக் குறைத்தால், பிட்யூட்டரி நோயாளி என்று எடுத்துச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஐம்பது வயது வாக்கில் நிறுத்தும்வரை கொடுக்கலாம். ரத்தக்கட்டி, மார்பகப் புற்று மாதிரி ஏதாவது இருந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

ஹைட்ரோகார்டிசோன் ஒரு ஸ்டீராய்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் சண்டை வரும், எனக்குத் தெரியும். உடம்பு ஊதிவிடும், கிட்னி போய்விடும், பழகிவிடும் என்று பக்கத்து வீட்டிலிருந்து மருந்துக்கடைவரை சொல்லுவார்கள். இழுப்புக்கும் மூட்டுவாதத்துக்கும் கூடுதல் அளவில் மாதக்கணக்கில் சாப்பிடும்போதுதான் அந்தத் தொல்லைகள் வருகின்றன. அக்காவுக்குக் கொடுப்பது ஒரு நல்ல உடம்பு தினமும் தானாகச் சுரக்கும் அளவு. இல்லாததைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். நன்றாக ஆகிவிட்டாளே என்று திடீரென்று நிறுத்தினால்தான் உயிருக்கு ஆபத்து. அத்தானையும் கூட அழைத்துப்போய் டாக்டர் வாயால் இதைக் கேட்க வையுங்கள்.

காய்ச்சல் வந்தால் அந்த இரண்டு மூன்று நாளும் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு மடங்காக்க வேண்டும், கடும் காய்ச்சலென்றால் மூன்று மடங்கு. வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லையென்றால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே வேண்டும். பல் பிடுங்குவதானாலும், ஆபரேஷனானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விரதம், உபவாசம், நோன்பு எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தள்ளக் கூடாது. “எனக்குப் பிட்யூட்டரி குறைபாடு, தினமும் ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடுகிறேன், மயங்கிக் கிடந்தால் 100 மில்லிகிராம் ஊசி போடவும்” என்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அக்காவின் பர்ஸில் வையுங்கள். ஒரு நகல் அத்தானிடம் இருக்கட்டும்.

ஏர்வாடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேச்சு குறைந்தது, முகத்தில் உணர்ச்சியில்லாமல் உட்கார்ந்திருப்பது, எதையும் தள்ளிப்போடுவது, இதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மனநோயாகத்தான் தெரியும். கார்டிசாலும் தைராய்டு ஹார்மோனும் இல்லாத மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். ஏர்வாடியிலேயே மனநல மருத்துவர்கள் வந்து பார்த்து மருந்து கொடுக்கும் அரசு ஏற்பாடும் இருக்கிறது, பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போக நான் தடை சொல்லவில்லை. ஆனால் இந்த நிலையில் அக்காவை எங்கேயும் தங்க வைக்காதீர்கள். சாப்பாடு குறைந்து, ஒரு வயிற்றுப்போக்கு வந்தாலே தாங்க மாட்டாள். முதலில் சிகிச்சை, உடம்பு தேறியதும் நேர்ந்துகொண்ட இடத்துக்கெல்லாம் அவளே நடந்து போகட்டும்.

கடலுக்குப் போக முடியுமா என்பதற்குப் பதில், முடியும் என்றுதான் நம்புகிறேன். கார்டிசால் கொடுத்த சில நாட்களிலேயே பசியும் தெம்பும் வந்துவிடும். தைராக்ஸின் மெதுவாகத்தான் வேலை செய்யும், குளிர் தாங்காத தன்மையும் மந்தமும் போக வாரங்கள் ஆகும். ஆனால் மரிக்கொழுந்துப் பாசிக்கு மூச்சடக்கி முங்குவது சாதாரண வேலையில்லை. எலும்பு அடர்த்தி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, முழங்கால் தண்ணீரில் தொடங்கட்டும். தனியாகப் போகக் கூடாது. படகில் மாத்திரையும் அந்தச் சீட்டும் இருக்க வேண்டும். கூடப் போகும் பெண்களில் ஒருத்திக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கடுமையாக உழைக்கிற நாளில் கூடுதல் மாத்திரை வேண்டுமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. பிட்யூட்டரி கெடுவதற்குப் பிரசவம் மட்டுமே காரணமில்லை. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், இதே கோளாறு மாதங்களோ வருஷங்களோ கழித்து வருகிறது. பனங்காட்டில் கடிபட்டுப் பிழைத்தவர் தொடர்ந்து சோர்ந்தே கிடந்தால் அந்தப் பாம்புக்கடியை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அதே சுரப்பியில் சின்னக் கட்டி வந்து ஒரு ஹார்மோன் அதிகமாவதும் உண்டு. பிள்ளை பெறாதவளுக்குப் பால் கசிந்து மாதவிலக்கு நின்றால் புரோலாக்டின் கட்டியா என்று பார்க்க வேண்டும், அதற்கு மாத்திரையே பெரும்பாலும் போதும். வளர்ந்த ஆளுக்கு மோதிரமும் செருப்பும் சிறிதாகிக்கொண்டே போனால் வளர்ச்சி ஹார்மோன் கூடியிருக்கலாம்.

அக்கா மகளுக்கு இது வராது. ரத்தப்போக்கால் வந்த சேதம் பரம்பரையாக இறங்குவதில்லை. நாளைக்கு அவளுக்குப் பிரசவம் என்று வரும்போது, முன்கூட்டியே சோகையைச் சரிசெய்து, ரத்தம் ஏற்றும் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டால் போதும்.

எட்டு மணிக் கார்டிசால் ரிப்போர்ட் வந்ததும் அதன் நகலை அனுப்பி வையுங்கள். அதுவரை தைராய்டு மாத்திரைப் பெட்டி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.